தட்டிப் பார்க்காத கல்

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் டிங்கக்கா. சாமான் அறை அவள் பொறுப்பு. ஸ்பேனரோ, டிரில் பிட்டோ, கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடியோ, எது வேண்டுமானாலும் கம்பிவலை போட்ட ஜன்னலில் வந்து அவளிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். மற்றதையெல்லாம் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்துவிடுவாள். கிரைண்டர் கல்லை மட்டும் அப்படிக் கொடுக்க மாட்டாள். கல்லின் நடு ஓட்டையில் ஒரு கம்பியை நுழைத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் விளிம்போரம் லேசாகத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பாள். நல்ல கல் கிண்ணத்தைத் தட்டியதுபோல 'டிங்' என்று ஒலிக்கும். உள்ளே விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். டொக் என்ற கல்லை அங்கேயே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுவாள். முழுசாகப் போட்டால் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்களாம்.

வார்ப்பிலிருந்து வரும் இரும்புச் சாமான்களில் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கிரைண்டரில் தேய்த்து எடுக்கிறவனுக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. கிரைண்டர் ஓடும்போது பாடுவான், நின்றால் பேசுவான். கல் வாங்க வந்தால் அவள் தட்டி முடிக்கும்வரை ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஏதாவது வம்பு வளர்ப்பான்.

"எங்க வீட்டுக்காரியையும் ஒருநாள் கூட்டிட்டு வரேன்க்கா. தலையைத் தட்டிப் பாருங்க, உள்ள ஏதாவது விரிசல் விட்டிருக்கான்னு."

"உன்னைக் கட்டிக்கிட்டாளே, தட்டித்தான் பார்க்கணுமா?" என்பாள் அவள். "சரி, கேளு. புதுக் கல்லு. மாட்டிட்டு நேர் எதிர்ல நிக்காத. மூடியைப் போடு. சுவிட்சைத் தட்டிட்டு ஓரமா நகர்ந்துக்கோ. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். கண்ணாடி எங்க?"

"தலையில இருக்கு."

"தலையிலயா கண்ணு இருக்கு? இறக்கி விடு."

அவன் சலித்துக்கொண்டே இறக்குவான். ஆனால் சொன்னதைச் செய்வான். அந்தப் பட்டறையில் எல்லோரும் அவள் சொன்னதைச் செய்தார்கள். கையுறையோடு கிரைண்டர் பக்கம் போனவனை அவள் எல்லா ஆட்களுக்கும் முன்னால் திட்டியிருக்கிறாள். "கல்லு இழுத்தா கையுறை மட்டும் போகாது, உள்ள இருக்குறதும் சேர்ந்து போகும்" என்று கத்தினாள். முதலாளிகூடச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வருவார். அவளுக்கு அதில் பெருமை உண்டு.

ஒரு தடவை கல் வாங்கி வைக்க அவள் மறந்துபோயிருந்தாள். அவசரச் சரக்கு ஒன்று போக வேண்டும், கல் இருக்கிறதா என்று முதலாளி கேட்டபோது, "எல்லா சைஸும் இருக்கு சார், நீங்க கவலையே படாதீங்க" என்று பெருமையடித்துவிட்டாள். அப்புறம் அலமாரியைத் திறந்து பார்த்தால், ரேடியோவின் கிரைண்டருக்குப் பொருந்துகிற அளவில் ஒரே ஒரு கல்தான் இருந்தது. சரி, இன்றைக்கு இதை வைத்துச் சமாளித்துவிட்டு, மத்தியானமே கல்லுக்காரருக்குச் சொல்லி வரவழைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

மேல் தட்டிலிருந்து எடுக்கும்போது கல் கை நழுவியது. அட்டைப்பெட்டி ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். விளிம்பு சிமெண்டுத் தரையில் இடித்து, ஒரு அரைவட்டம் உருண்டுபோய்ச் சாய்ந்தது.

எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீறல் எதுவும் தெரியவில்லை. விரலால் தடவினாள். மொழுமொழுவென்றுதான் இருந்தது. கீழே விழுந்த கல்லைச் சந்தேகமே இல்லாமல் ஒதுக்கிவிட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். கம்பியை எடுத்தாள். கல்லைத் தொங்கவிட்டாள். ஸ்க்ரூடிரைவரையும் கையில் எடுத்தாள்.

ஆனால் தட்டவில்லை. தட்டினால் என்ன சத்தம் வருமோ என்று பயமாக இருந்தது. டொக் என்று வந்துவிட்டால் அதற்குப் பிறகு இந்தக் கல்லைக் கொடுக்க முடியாது. ரேடியோவின் கிரைண்டர் நின்றுவிடும். அவசரச் சரக்கு வெளியே போகாது. 'எல்லாம் இருக்குன்னு சொன்னீங்களே' என்று முதலாளி எல்லோருக்கும் முன்னால் கேட்பார். தட்டாமல் இருந்தால் எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு யார் என்ன சொல்ல முடியும்?

கம்பியிலிருந்து கல்லை உருவி எடுத்தாள். அதற்குள் ரேடியோ ஜன்னலுக்கு வந்துவிட்டான்.

"என்னக்கா, கல்லு ரெடியா? இன்னைக்கு டிங் சத்தமே காணோம்?"

"காலையிலயே தட்டி வெச்சுட்டேன்" என்றாள். "போய் மாட்டு. ஓரமா நில்லு. கண்ணாடி."

"இறக்கிட்டேன் தாயே" என்று கண்ணாடியைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கல்லை வாங்கிக்கொண்டு பாடிக்கொண்டே போனான்.

அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது. அவன் பழைய கல்லைக் கழற்றினான், இரண்டு பக்கமும் அட்டை வளையம் வைத்தான், நட்டை முறுக்கினான், மூடியைப் போட்டான், கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அந்த நேரம் முழுக்க அவள் வாய்க்குள் அவன் பெயர் இருந்தது. வெளியே வரவில்லை. அவன் சுவிட்சைப் போட்டுவிட்டு, அவள் பழக்கியபடியே ஓரமாக நகர்ந்துகொண்டான்.

கல் வேகம் எடுக்கும் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்புறம் வெடி போட்டதுபோல ஒரு சத்தம். மூடி பெரும்பாலான துண்டுகளைப் பிடித்துக்கொண்டது. முன்பக்கத் திறப்பு வழியாக ஒரு துண்டு தப்பிப் பறந்து எதிரே இருந்த இரும்புத் தூணில் மோதித் திரும்பி வந்து ரேடியோவின் கண்ணாடியில் பட்டுத் தாடையில் அடித்தது. அவன் கத்தவில்லை. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. கண்ணாடியின் ஒரு பக்கம் நொறுங்கி, உள்ளே இருந்த கண் பத்திரமாக அவளையே பார்த்தது.

ஆஸ்பத்திரியில் தாடை எலும்பு உடைந்திருக்கிறது என்றார்கள். முன்பல் நாலைந்து போய்விட்டது. எலும்பு கூடும்வரை மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிக்கலாம். பேச முடியாது.

பட்டறையில் முதலாளி உடைந்த துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொதித்தார்.

"நீங்க தட்டிப் பார்த்துத்தானே கொடுத்தீங்க?"

"ஆமா சார்."

அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளைச் சந்தேகப்பட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் தட்டாமல் ஒரு கல் வெளியே போகும் என்பது அங்கே யாராலும் நினைக்க முடியாத விஷயம். "அப்போ அந்த ஆளு மட்டமான சரக்கைத் தள்ளியிருக்கான்" என்று முதலாளி போனை எடுத்தார். கல்லுக்காரரை அவர் திட்டியது பட்டறை முழுக்கக் கேட்டது. தனக்குத் தெரிந்த மற்ற பட்டறைகளுக்கும் போன் போட்டு, அந்தக் கடையில் கல் வாங்காதீர்கள் என்று சொன்னார்.

வீட்டுக்குப் போனதும் கணவனிடம் சொன்னாள். அவன் தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமல் கேட்டான். கேட்டு முடித்ததும், "யாராவது பார்த்தாங்களா?" என்றான்.

"நான் பார்த்தேனே."

"அது இல்லடி. வேற யாராவது?"

"இல்ல."

"அப்போ விடு. நீ போய் இப்போ சொன்னா அவன் தாடை ஒட்டிக்குமா? கூடப் பத்து வாய்தான் நம்மளைப் பேசும். நாளைக்கு நம்ம பொண்ணு காலேஜ் போற வழியில நின்னு கேப்பாங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் பிடித்திருந்ததை நினைத்து, பாத்திரம் தேய்க்கும்போது அவளுக்கு உடம்பே கூசியது.

சில நாள் கழித்து ரேடியோவின் மனைவி பட்டறைக்கு வந்தாள். நேரே சாமான் அறைக்குத்தான் வந்தாள். ஜன்னலுக்குள் கையை நீட்டி அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னாருக்கா. நேரா நின்னிருந்தா நெஞ்சுலயே பாஞ்சிருக்குமாம். கண்ணாடி இல்லன்னா கண்ணு போயிருக்குமாம். வீட்டுல தினமும் புலம்புவாரு, அக்கா தொல்லை தாங்கலன்னு. அந்தத் தொல்லைதான் எனக்கு அவரைத் திருப்பிக் கொடுத்திருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள். "எங்க குடும்பமே உங்களுக்குக் கடன்பட்டிருக்குக்கா."

கையை உருவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. உருவவில்லை. "அழாதம்மா, எல்லாம் சரியாகிடும்" என்றாள். பின்னால் நின்ற ஆட்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த வாரம் முதலாளி எல்லோரையும் கூட்டி நிற்கவைத்து, அவளை நடுவில் நிறுத்தி, கல்லை எப்படித் தட்ட வேண்டும் என்று செய்துகாட்டச் சொன்னார். அவள் தட்டினாள். கல் நன்றாகத்தான் ஒலித்திருக்கும். அவள் காதில் எதுவுமே விழவில்லை. "இது நல்ல கல்லு" என்று சும்மா சொல்லிவைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு கல்லுக்காரர் வந்தார். நரைத்த மீசை, ஸ்கூட்டர், பின்னால் கட்டிய மரப்பெட்டி. வழக்கமாக வாசலிலேயே ஹாரன் அடிப்பவர், அன்று வண்டியைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முதலாளி வெளியே போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்மா. சண்டைக்கு வரல. நீங்க தட்டிப் பார்த்தப்போ சத்தம் நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்போ எப்படிம்மா உடையும்?"

"எனக்கென்ன தெரியும்ணே?" என்றாள். குரல் தடித்து வந்தது. "கல்லைச் செஞ்சது நீங்க விக்கிற கம்பெனி. அவங்களைப் போய்க் கேளுங்க."

அவர் தலையை ஆட்டினார். "இத்தனை வருஷத்துல எங்கிட்ட யாரும் இப்படிச் சொன்னதில்லம்மா. கடையில இருக்குற கல்லை எல்லாம் எடுத்து எடுத்துத் தட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கேன். எல்லாமே நல்லாத்தான் சத்தம் குடுக்குது. இருந்தாலும் கை நிக்க மாட்டேங்குது. வீட்டுல பைத்தியம்னு சொல்றாங்க."

அவர் போனபின் அவள் சாமான் அறைக் கதவை உள்பக்கமாகத் தாழ் போட்டுக்கொண்டாள். அன்றைக்குக் கல் உருண்டுபோய்ச் சாய்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு கல்லைத் தட்டிப் பார்க்காமல் கையைக் கட்டிக்கொண்டவள் அவள். அந்த மனிதர் ஒரு தப்பும் செய்யாமல் கடை முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறார். யாரோ ஜன்னலில் வந்து "அக்கா, பசை டேப் இருக்கா?" என்று கேட்டார்கள். எழுந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ரேடியோவின் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, ஒரே அறை. அவன் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கன்னம் வீங்கி மஞ்சள் பூத்திருந்தது. அவளைப் பார்த்ததும் கண்ணால் சிரித்தான். எழுந்திருக்கப் பார்த்தான். மனைவி ஓடிவந்து இருந்த ஒரே நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. டீ போடறேன்."

"டீ வேண்டாம்மா. நீயும் இரு. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை. "அந்தக் கல்லைக் கீழ போட்டுட்டேன். தட்டிப் பார்க்கல. தட்டினா டொக்னு வந்துடுமோன்னு பயந்துக்கிட்டுத் தட்டல. வேற கல்லு வாங்கி வைக்க மறந்துட்டேன், அது வெளிய தெரிஞ்சா அசிங்கமாப் போயிடும்னு. நீ கேட்டப்போ காலையிலயே தட்டிட்டேன்னு பொய் சொன்னேன்."

 கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவுக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. கண்ணில் இருந்த சிரிப்பு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. என்னவோ சொல்ல முயன்றான். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. எச்சில் ஒழுகியது. மனைவி துண்டால் துடைத்துவிட்டாள். அவன் துண்டைப் பிடுங்கித் தானே முகத்தை மூடிக்கொண்டு, நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். ஊருக்கே பேசுகிறவன். அவளைத் திட்டக்கூட வாய் இல்லாமல் உட்கார்ந்திருந்தான்.

மனைவிதான் பேசினாள். கத்தவில்லை. "உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேனே. அப்போவாவது கையை உதறியிருக்கலாமே."

"தப்புதான்மா."

"பக்கத்து வீடு, எதிர்வீடு, எங்க அம்மா, எங்க மாமனார், எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திச் சொல்லி வெச்சிருக்கேன். இப்போ நான் போய் என்னன்னு சொல்றது?" அவள் முகம் சிவந்துபோயிருந்தது. "போயிடுங்க. அவருக்கு வாய் திறக்க வந்தப்புறம் அவரே என்ன கேக்கணுமோ கேக்கட்டும்."

 கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

அன்று மாலையே முதலாளியிடம் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் முதலில் கதவைச் சாத்தினார்.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"ரேடியோ வீட்டுல."

"அய்யோ." நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கல்லுக்காரரை நான் என்னவெல்லாம் பேசிட்டேன்... இப்போ போய் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு... சரி. நடந்தது நடந்துபோச்சு. இதோட நிக்கட்டும். சாமான் ரூம் இனிமே உங்களுக்கு வேண்டாம். கழுவுற பக்கம் போயிடுங்க."

"கல்லுக்காரருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடுங்க சார்."

"பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

எனவே அவளே கடைக்குப் போனாள். குறுகலான கடை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார், கையில் ஒரு சின்ன மரச்சுத்தியல். அவள் சொல்லி முடித்ததும் அதைக் கீழே வைத்தார். நீண்ட மூச்சு விட்டார். அவர் முகத்தில் முதலில் தெரிந்தது கோபம் இல்லை, நிம்மதி. கோபம் அதற்கப்புறம் வந்தது.

"உங்க வாசல்ல வந்து பிச்சைக்காரன் மாதிரி நின்னேனேம்மா. கம்பெனியைப் போய்க் கேளுன்னு சொன்னீங்களே."

அவள் தலை நிமிரவில்லை. "என்ன செய்யணும்னு சொல்லுங்கண்ணே."

"எங்கிட்ட சொன்னா போதுமா? என்னை எங்கெங்க வேண்டாம்னாங்களோ அங்க வந்து சொல்லுங்க."

ஞாயிறு போக மற்ற நாட்களில் வேலை முடிந்ததும் அவர் ஸ்கூட்டரில் வந்து நிற்பார். மரப்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போனார். வழியில் இரண்டு பேரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். உள்ளே போனதும் அவர் ஒதுங்கி நிற்பார். எண்ணெய் வாடைக்கும் இரும்புப்பொடிக்கும் நடுவில் முன்பின் தெரியாத ஆண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொல்வாள். அண்ணன் கொடுத்த கல்லில் குறை இல்லை. நான்தான் கீழே போட்டேன். தட்டிப் பார்க்காமல் கொடுத்தேன். ஒருத்தருக்குத் தாடை போய்விட்டது.

முதல் இடத்தில் ஒருவன் சிரித்தான். இன்னொரு இடத்தில், "இதைச் சொல்லவா வந்தீங்க?" என்று முகத்தில் அடித்தாற்போலக் கேட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார்கள். ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் வயதான கடைசல்காரர் அலமாரிக்குப் போய் ஒரு கல்லை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். "இது போன வாரம் விழுந்துச்சு. நல்லாத்தான் இருக்குன்னு வெச்சிருந்தோம்" என்றார். அவளிடமே சுத்தியலைக் கொடுத்தார். அவள் உடைத்தாள். அதனால் மனம் லேசாகிவிடவில்லை. ஒவ்வொரு இடத்திலும் முதல் வாக்கியத்துக்கு வாய் திறக்கும்போது காது மடல் சுட்டது. கடைசி இடம் வரைக்கும் சுட்டது.

கடைசிப் பட்டறையிலிருந்து திரும்பும்போது கல்லுக்காரர் அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டார். "வரேம்மா" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவருடைய வண்டி பழையபடி பட்டறை வாசலில் ஹாரன் அடித்தது. முதலாளி தானே எழுந்து போய்ப் பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்தார்.

கழுவும் பகுதியில் அவள் நாள் முழுக்க டீசலில் சாமான்களை முக்கி எடுத்தாள். சாமான் அறையில் வேறு ஆள் உட்கார்ந்தான். டிங்கக்கா என்று யாரும் கூப்பிடுவதில்லை. பின்னால் குசுகுசுவென்று பேசினார்கள். சிலர் முன்னாலேயே பேசினார்கள்.  கணவன் ஒருநாள், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். 

கம்பி பிரித்தபின் ரேடியோ வேலைக்கு வந்தான். தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. பல் போன இடத்தில் காற்று போய், 'ச' வருகிற இடத்திலெல்லாம் சீழ்க்கை அடித்தது. அதை வைத்தே அவன் எல்லோரையும் சிரிக்கவைத்தான். கிரைண்டரில் நின்றான். பாடவில்லை. கழுவும் பகுதியைத் தாண்டித்தான் அவன் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவள் கையிலிருந்த வேலையை நிறுத்திக் காத்திருந்தாள், இன்றைக்குத் திட்டுவான் என்று. அவன் தாண்டிப் போய்விடுவான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம், வெளியே உட்கார முடியாமல் எல்லோரும் ஒரே மேசையில் நெருக்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசியாக வந்த ரேடியோவுக்கு அவள் எதிரேதான் இடம் இருந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு உட்கார்ந்தான். டப்பாவைத் திறந்து, ஒரு பக்கமாகவே மென்று மெதுவாகச் சாப்பிட்டான். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

பாதியில் அவன் தலை நிமிர்ந்தான்.

"அந்தத் தண்ணி ஜக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றான்.

அக்கா என்று சொல்லவில்லை. அவள் ஜக்கை இரண்டு கையாலும் எடுத்து, சிந்தாமல், அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவன் ஊற்றிக் குடித்தான்.